கைப்பேசியில் 1,100 பேர், கூட வர ஒருவர் இல்லை

கேள்வி: எனக்கு வயது 41. கைப்பேசியில் 1,100 எண்கள், முப்பதுக்கும் மேற்பட்ட வாட்ஸ்அப் குழுக்கள். வாழ்த்து அனுப்பியே களைத்துப் போகிறேன். ஆனால், சென்ற மாதம் கண் அறுவை சிகிச்சைக்கு யாரைத் துணைக்கு அழைப்பது என்று தெரியவில்லை. ஒருவரால் எத்தனை உறவுகளைத்தான் பேண முடியும்?

பதில்: பலரும் சொல்லும் விடை 150. பிரிட்டன் மானுடவியலாளர் ராபின் டன்பார், குரங்கினங்களின் மூளைப் புறணியையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு 1992இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2021இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டபோது, ஒரு முறையில் 4 முதல் 520 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றே வந்தது!

அந்த 150க்குள் டன்பார் காட்டும் அடுக்குகள்தான் உங்களுக்குப் பயன்படும். இடுக்கண் வந்தால் ஓடிவருபவர்கள் ஏறக்குறைய 5 பேர். அவர்களையும் சேர்த்து நெருங்கியவர்கள் 15. நாம் பழகும் நேரத்தில் சுமார் 40 சதவீதம் அந்த ஐவருக்கே போகிறது என்கிறார். நீங்களோ அதை 1,100 பேருக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டீர்கள்.

கடந்த மூன்று மாதங்களில் யாரிடம் பத்து நிமிடத்துக்கு மேல் பேசினீர்கள் என்று அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். நான்கைந்து பெயர்கள் தேறும். அடுத்த கண் பரிசோதனைக்கு அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். உதவி கேட்கக் கூசுபவர்களுக்கு நெருக்கம் அமைவது கடினம். புதிதாக ஒருவரை நெருங்க நினைத்தால் பொறுமை வேண்டும்: அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹாலின் 2018 ஆய்வின்படி, நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் கழிந்த நேரம் இதில் பெரிதாகச் சேராது.

மொய் நோட்டில் உள்ள பெயர்களை இதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொந்தபந்தம், பேசாமல் வருடங்கள் போனாலும், காதுகுத்துக்கும் துக்கத்துக்கும் போய் நின்றால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். நட்பு அப்படித் தாங்காது. சில மாதங்கள் விட்டாலே தளர்ந்துவிடும். ஆகவே பேசும் நேரத்தை முதலில் நண்பர்களுக்கு ஒதுக்குங்கள்.

குழுக்களை ஒலியடக்கி வையுங்கள், வெளியேற வேண்டாம். குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினால் ஏன் என்று சித்தப்பாவுக்கு விளக்கம் சொல்லவே ஒரு வாரம் போய்விடும்.