சூறாவளியில் வீடிழந்த ஏழை மக்களுக்குத் தொலைவிலிருந்து எப்படி உதவுவது? துணிமணி சேகரித்து அனுப்பலாமா?

நண்பர்களிடம் துணி கேட்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பது கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. மனம் வருந்தாதீர்கள், துணி வேண்டாம். 1998-இல் மிட்ச் சூறாவளிக்குப் பின் ஹோண்டுராஸில் பழந்துணி மூட்டைகள் ஓடுபாதையை அடைத்துக்கொண்டதால், நிவாரணப் பொருள் ஏற்றி வந்த விமானம் தரையிறங்க முடியாமல் போயிற்று. அனுப்புவதானால் பணமாக, அந்த ஊரிலேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவரும் அமைப்புக்கு அனுப்புங்கள். பணம் கைமாறிக் காணாமல் போகும் என்பார்கள், போவதும் உண்டு. துணியும் அப்படித்தான் போகிறது, கூடவே கிடங்கு வாடகையையும் தின்றுவிட்டு.

ஆனால் இதற்காக மட்டும் நான் பதில் எழுத உட்காரவில்லை.

மரியா சூறாவளி 2017 செப்டம்பர் 20 அன்று, அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம், கூரை போட்டுத் தரும் ஒரு தன்னார்வக் குழுவோடு உட்டுவாடோ மலைப்பகுதியில் இரண்டு வாரம் தங்கினேன். ஆறு மாதமாகியும் நாங்கள் இருந்த மேட்டுக்கு மின்சாரம் வரவில்லை. எழுபது வயது கடந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் எங்களுக்கு வேலை. கூரை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. குழுவில் ஓரளவு ஸ்பானிய மொழி அறிந்தவன் நான் என்பதால், அவர் தினமும் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருவார். சுத்தியல் பிடிப்பதே தொண்டு என்ற மிதப்பில் நானும் தினமும் "பிறகு பார்க்கலாம், அம்மா" என்று சொல்லி ஏணியில் ஏறிவிடுவேன்.

நான்காம் நாள்தான் அதைப் பிரித்துப் படித்தேன். வீடு அவருடையது என்பதற்குச் சான்று இல்லாததால் நிவாரண விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீட்டுக்குக் கடிதத் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம். 51 நாள் கழிந்திருந்தது. மாமனார் குடும்ப நிலத்தில் கட்டிய வீடு, நாற்பது ஆண்டு குடியிருப்பு, அவர் பெயரில் பத்திரம் கிடையாது. அந்தத் தீவில் சொத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால், தலைமுறை தலைமுறையாக வாய்வழியே கைமாறிய வீடுகளில் வாழ்ந்த பல்லாயிரக்கணக்கானோருக்கு அதே கதிதான் நேர்ந்தது. நிவாரணம் தரும் அமெரிக்கக் கூட்டரசின் விதி தளர்ந்து, உரிமையாளரின் சுய உறுதிமொழியையும் ஏற்கத் தொடங்கியது 2021-இல்தான்.

இரண்டு நாள் சுத்தியலை வைத்துவிட்டு, பழைய தண்ணீர் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, அண்டை வீட்டார் மூவரின் சாட்சிக் கடிதங்களை வாங்கி, மேல்முறையீட்டை எழுதிக் கொடுத்தேன். பல மாதம் கழித்து, கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது. இரண்டு வாரம் போய் வந்தவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். அந்தக் கடிதம் ஒன்றைத் தவிர வேறு எதையும் நான் உரிமை கொண்டாடவில்லை. உங்களுக்கு மொழி தெரியுமானால், படிவம் நிரப்பத் தெரியுமானால், அந்த மக்களோடு வேலை செய்யும் சட்ட உதவி அமைப்புகளுக்கு அதைக் கொடுங்கள். தொலைவில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை அது. குழுவுக்கு நன்கொடை தந்த ஒருவரோ, அந்த அம்மா தகரத்தைப் பிடித்துச் சிரித்தபடி நிற்கும் படம் வேண்டுமென்று மூன்று முறை கேட்டனுப்பினார். அந்த அம்மாவுக்கு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

கூரை வேலையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். காற்று கூரையை மேல்நோக்கித் தூக்குகிறது. ஆகவே ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்மேல் ஓடும் விட்டத்தோடு இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும், பட்டையின் துளை ஒவ்வொன்றிலும் ஆணி இறங்க வேண்டும். முதல் நாள் நான் பாதித் துளைகளைக் காலியாக விட்டிருந்தேன். உள்ளூர்த் தச்சர் ஒன்றும் பேசாமல் ஆணி டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

2022 செப்டம்பரில் ஃபியோனா சூறாவளி வந்து தீவு முழுவதும் இருளில் மூழ்கியபோது, அண்டை வீட்டுப் பெண் நான்கு நாள் கழித்துச் செய்தி அனுப்பினார்: கூரை நிற்கிறது, சமையலறை மூலையில் மட்டும் ஒழுகுகிறது. அது நான் தகரம் அடித்த மூலை.