விஎம்மை நிறுத்தும்போது பின்னணி வேலைகள் என்னாகும்? கேள்வி பதில்

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பெரும்பாலும் கிளவுடில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள், சுருக்கமாக விஎம்கள். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுபவை. விஎம்மை ஷட்டவுன் செய்யும்போது பின்னணியில் ஓடும் வேலைகளை எப்படிப் பத்திரமாக முடித்துவைப்பது என்று கேட்டிருந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, அடிப்படையிலிருந்தே கேட்கிறேன். கிளவுட் பக்கத்தில் ‘ஸ்டாப்’ பட்டனை அழுத்தினால், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் என் பைத்தான் ஸ்கிரிப்டுக்கு அது தெரியவருமா? இல்லை, கரண்ட் போன மாதிரி பாதியில் நின்றுவிடுமா?

பதில்: தெரியவரும், தம்பி. ஆனால் நேராக வராது, கைமாறி வரும். ஸ்டாப் கொடுத்ததும் வெளியே இருந்து விஎம்மை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர், பவர் பட்டனை யாரோ அழுத்தியது போல ஒரு ஏசிபிஐ சைகையை விஎம்முக்குள் அனுப்பும். உள்ளே, லினக்ஸில் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் புரோகிராம்களை) கிளப்பி நிறுத்தும் சிஸ்டம்டி அதைப் பார்த்து ஷட்டவுனைத் தொடங்கி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் சிக்டெர்ம் என்ற சிக்னலை அனுப்பும். ‘முடித்துக்கொள்’ என்று கேட்டுக்கொள்வதுதான் சிக்டெர்ம். வழக்கமான அமைப்பில் 90 வினாடி பொறுத்துப் பார்க்கும். அதற்குள் முடியவில்லை என்றால் அடுத்தது சிக்கில் என்ற இன்னொரு சிக்னல். அது உங்கள் புரோகிராமின் கைக்கே வராது. கர்னலே கதையை முடித்துவிடும்.

பைத்தானில் ஒரு சிக்கல் உண்டு. சிக்டெர்முக்கு நீங்கள் ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓட வேண்டிய ஃபங்ஷன்) எழுதாவிட்டால் புராசஸ் அந்த இடத்திலேயே செத்துவிடும். ‘ஃபைனலி’ பகுதி ஓடாது, ‘அட்எக்ஸிட்’டில் பதிந்துவைத்ததும் ஓடாது. ஹேண்ட்லர் எழுதுங்கள், ஆனால் அதற்குள் ஃபைலை மூடுவது, டேட்டாபேஸுக்கு எழுதுவது என்று எதையும் வைக்காதீர்கள். ‘நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்’ என்று ஒரு மாறியை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்புங்கள். லூப்பில் ஒவ்வொரு ரெக்கார்டும் முடிந்ததும் அந்த மாறியைப் பார்த்து, ஒழுங்காக வெளியே வாருங்கள்.

கேள்வி: என் ஒரு ரெக்கார்டே 20 நிமிடம் ஓடுமே?

பதில்: அப்படியென்றால் அது ஒரு ரெக்கார்டு இல்லை. உடையுங்கள். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் எதுவரை வந்தோம் என்று வெளியே எங்காவது எழுதிவைத்தால், மறுபடி கிளம்பும்போது அங்கிருந்து தொடரலாம். ஷட்டவுன் நேரத்துக்குள் 20 நிமிட வேலையை முடிக்க வழி தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: வீட்டில் லிப்வர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்துப் பழகுகிறேன். அதன் விர்ஷ் ஷட்டவுன், விர்ஷ் டெஸ்ட்ராய் கட்டளைகள் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: முதலாவது பட்டனை அழுத்துவது, இரண்டாவது பிளக்கைப் பிடுங்குவது. டெஸ்ட்ராய் என்ற பெயரைப் பார்த்து டிஸ்க் இமேஜ் அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அது அப்படியே இருக்கும். உள்ளே ஓடிக்கொண்டிருந்த வேலைக்குத்தான் எந்த அறிவிப்பும் போகாது. விஎம் ஓட்டும் வேறு மென்பொருள்களில், பிராக்ஸ்மாக்ஸில் ‘ஸ்டாப்’, விர்ச்சுவல்பாக்ஸில் ‘பவர்ஆஃப்’ இரண்டும் இதே ரகம்.

கேள்வி: சார், எங்கள் வேலை முடிய 5 நிமிடமாவது வேண்டும். சர்வீஸ் ஃபைலில் டைம்அவுட்ஸ்டாப்செக் (நிறுத்தும்போது காத்திருக்கும் நேரம்) மதிப்பை 10 நிமிடமாக உயர்த்திவிட்டோம். கூகுள் கிளவுடில் ஸ்டாப் கொடுத்தால் இரண்டு நிமிடம்கூட ஆவதற்குள் விஎம் போய்விடுகிறது. எங்கே தப்பு?

பதில்: சர்வீஸ் ஃபைலில் தப்பில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை இது. சிஸ்டம்டி 10 நிமிடம் காத்திருக்கத் தயார். ஆனால் அதற்கு வெளியே இன்னொருவர் கையில் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. கூகுள் கம்ப்யூட் எஞ்சினில் சாதாரண விஎம்முக்கு ஸ்டாப் கொடுத்தபின் வழக்கமாகக் கிடைப்பது சுமார் 90 வினாடி. அதற்குப் பிறகு உள்ளே எந்த நிலையில் இருந்தாலும் அணைத்துவிடுவார்கள்.

எங்கெங்கே என்ன கடிகாரம் என்று ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள். எதையும் மாற்றாத நிலையில் டாக்கர் ஸ்டாப் (கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை நிறுத்துவது) 10 வினாடி, குபர்னெட்டிஸ் பாட் (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பின் ஓர் அலகு) 30 வினாடி, சிஸ்டம்டி 90 வினாடி. சொந்த ஹோஸ்ட் என்றால், பிராக்ஸ்மாக்ஸ் ஒரு விஎம்முக்கு 180 வினாடி கொடுக்கும். உள்ளே இருக்கும் கடிகாரம் எப்போதும் வெளியே இருப்பதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். 90 வினாடிதான் கிடைக்கும் என்றால், வொர்க்கருக்கு (வேலையைச் செய்யும் புரோகிராமுக்கு) 60 வைத்துவிட்டு மிச்சத்தை லாக் (நடந்ததன் பதிவு) எழுதவும் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்யவும் விடுங்கள்.

உங்கள் 5 நிமிட வேலைக்கு வழி வேறு. ஸ்டாப் பட்டனை முதல் படியாக வைக்காமல் கடைசிப் படியாக வையுங்கள். முதலில் வொர்க்கரைப் புது வேலை எடுக்காதபடி நிறுத்துங்கள், கையில் இருப்பது முடிந்துவிட்டதா என்று பாருங்கள், அப்புறம் விஎம்மை நிறுத்துங்கள். இதை ஒரு ஸ்கிரிப்டாக்கிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், மெஷின்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங்கில் இதற்கென்றே லைஃப்சைக்கிள் ஹுக் இருக்கிறது. டெர்மினேட் செய்யப்போகும் மெஷினைக் காத்திருப்பு நிலையில் பிடித்துவைக்கும், எதையும் மாற்றாவிட்டால் ஒரு மணி நேரம் வரை.

கேள்வி: கன்சோலில் சிவப்பு நட்சத்திரங்கள் இப்படியும் அப்படியும் ஓட, ‘ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று நிற்கிறது. ஃபோர்ஸ் ஆஃப் கொடுத்துவிடலாமா?

பதில்: அந்த வரியின் கடைசியில் பாருங்கள். 23 வினாடி, சாய்கோடு, 1 நிமிடம் 30 வினாடி என்பது போல இருக்கும். முன்னது கழிந்த நேரம், பின்னது கெடு. கெடு இருந்தால் பொறுங்கள், அதுவே முடித்துக்கொள்ளும். ‘நோ லிமிட்’ என்று இருந்தால்தான் தலையிட வேண்டும். எப்படியிருந்தாலும் அந்த வரியில் எந்த சர்வீஸின் பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிக்டெர்மைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருப்பது அதுதான்.

கேள்வி: செலவைக் குறைக்க எல்லா வொர்க்கரையும் ஸ்பாட் விஎம்மில் (மலிவானது, ஆனால் கிளவுட் நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளும்) போட்டிருக்கிறோம். பிடுங்கும்போது எவ்வளவு நேரம் கிடைக்கும்? என்ன செய்து வைக்கலாம்?

பதில்: ஏடபிள்யூஎஸ்ஸில் 2 நிமிடம் முன்னால் சொல்வார்கள். கூகுளில் 30 வினாடி வரை. மைக்ரோசாஃப்டின் அஷூரில் குறைந்தது 30 வினாடி. ஏடபிள்யூஎஸ்ஸில் விஎம்முக்குள்ளிருந்து 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா (விஎம் தன்னைப் பற்றிய விவரம் கேட்கும்) முகவரியில் ஸ்பாட் இன்ஸ்டன்ஸ்-ஆக்‌ஷன் பாதையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆபத்து இல்லாதவரை 404 (‘அப்படி எதுவும் இல்லை’) வரும். அறிவிப்பு வந்துவிட்டால் எப்போது, என்ன செய்யப்போகிறார்கள் என்ற விவரம் வரும். 5 வினாடிக்கு ஒருமுறை கேட்டால் போதும். அஷூரிலும் அதே முகவரிதான், ஷெட்யூல்டு ஈவென்ட்ஸ் என்று தேடுங்கள்.

அறிவிப்பு வந்ததும் வேலையை முடிக்க ஓடாதீர்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கைகழுவுவது: கியூவிலிருந்து (வேலைகள் காத்திருக்கும் இடம்) புதிதாக எடுப்பதை நிறுத்துவது, கையில் இருப்பதைக் கியூவுக்குத் திருப்பித் தருவது, எதுவரை முடிந்தது என்று எழுதிவைப்பது. அந்த 2 நிமிடத்தையும் நம்பி உட்கார முடியாது. அறிவிப்பு வருவதற்கு முன்பே விஎம் போய்விடக்கூடும் என்று ஏடபிள்யூஎஸ்ஸே எழுதி வைத்திருக்கிறது. அறிவிப்பே வராமல் செத்தாலும் வேலை வீணாகாதபடி முதலில் எழுதுங்கள். அறிவிப்பைக் கேட்டு நடப்பதெல்லாம் அதற்கு மேலே கிடைக்கும் வசதி.

கேள்வி: டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் சரியாக 10 வினாடி இழுக்கிறது. ஹேண்ட்லர் எழுதியிருக்கிறேன், ஆனால் லாகில் ஒரு வரிகூட விழவில்லை.

பதில்: ‘சரியாக 10 வினாடி’ என்று சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. சிக்டெர்ம் உங்கள் புரோகிராமுக்கு வந்தே சேரவில்லை. கெடு முடிந்து சிக்கில் வாங்கிச் செத்திருக்கிறது. கண்டெய்னருக்குள் பிஎஸ் (ஓடும் புராசஸ்களைக் காட்டும் கட்டளை) ஓட்டி, பிஐடி 1, அதாவது முதல் புராசஸ், யார் என்று பாருங்கள். அநேகமாக ‘எஸ்ஹெச்’ என்ற ஷெல் இருக்கும், உங்கள் புரோகிராம் அதற்குக் கீழே குழந்தையாக இருக்கும். டாக்கர் சிக்னலை அனுப்புவது பிஐடி 1-க்கு. அந்த ஷெல் அதைக் குழந்தைக்குக் கடத்தாது. சரி, ஷெல்லாவது செத்துத் தொலையுமா என்றால் அதுவும் இல்லை. ஹேண்ட்லர் வைக்காத சிக்னல் பிஐடி 1-ஐ ஒன்றும் செய்யாது, கர்னலின் விதி அப்படி.

டாக்கர்ஃபைலில் சிஎம்டி வரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியலாக எழுதுங்கள். என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் அதன் கடைசி வரியில் ‘எக்ஸெக்’ போட்டு உங்கள் புரோகிராமை அழையுங்கள். ஷெல் இருந்த இடத்தில் புரோகிராமே வந்து உட்காரும். புரோகிராம் பல குழந்தைகளைப் பெறுகிற ரகம் என்றால், ஓட்டும்போது ‘இனிட்’ ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செலரி (பைத்தானில் கியூ வேலைகளை ஓட்டும் மென்பொருள்) வொர்க்கர் உள்ள விஎம்மை மறுதொடக்கம் செய்தால் சில வேலைகள் காணாமல் போகின்றன. ஆக்ஸ்_லேட் ஆப்ஷன் போட்டபின் காணாமல் போவது நின்றது. இப்போது ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு முறை பில் மெயில் போகிறது!

பதில்: இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், நீங்கள் சரியானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். செலரி வழக்கமாக வேலையைத் தொடங்கும் முன்பே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கியூவுக்குச் சொல்லிவிடும். நடுவில் மெஷின் போனால் அந்த வேலையைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஆக்ஸ்_லேட் போட்டால் முடித்தபிறகுதான் சொல்லும். நடுவில் போனால் கியூ அதை மறுபடி கொடுக்கும். மெயில் போய், ‘முடித்தேன்’ என்று சொல்வதற்கு முன்னால் மெஷின் போயிருந்தால் மெயில் இரண்டாவது தடவையும் போகும்.

எனவே வேலையையே இரண்டு தடவை ஓடினாலும் கெடாததாக்குங்கள். பில் எண்ணைத் தனித்துவக் கீயாக வைத்து ஒரு டேபிளில் ஒரு வரிசை (ரோ) போட்டுவிட்டு அனுப்புங்கள். வரிசை ஏற்கெனவே இருந்து ‘அனுப்பியாயிற்று’ என்றிருந்தால் விட்டுவிடுங்கள். ‘அனுப்பத் தொடங்கினேன்’ என்று மட்டும் இருந்தால் ஒரு மனிதர் பார்க்கட்டும். மெயில் சேவையே டூப்ளிகேட்டைத் தடுக்கும் கீ ஒன்றை ஏற்றால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் பாருங்கள். ரெடிஸ் என்ற மெமரி டேட்டாபேஸைக் கியூவாக வைத்தால், எதையும் மாற்றாத நிலையில் முடிக்காமல் விட்ட வேலை மறுபடி வெளியே வர செலரியில் 1 மணி நேரம் ஆகும். அமேசானின் கியூ சேவையான எஸ்க்யூஎஸ்ஸின் சொந்தக் கெடு, எதையும் மாற்றாவிட்டால், வெறும் 30 வினாடி. உங்கள் வேலை 2 நிமிடம் ஓடும், கெடு 30 வினாடி என்றால், ஷட்டவுனே தேவையில்லை. முதல் வொர்க்கர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வொர்க்கர் அதை எடுத்துவிடும்.

சைட்கிக் (ரூபி மொழியில் செலரி போன்றது) பற்றிக் கேட்டவருக்கும் இங்கேயே: அதற்கு முதலில் டிஎஸ்டிபி சிக்னல் கொடுத்தால் புதிதாக எடுப்பதை நிறுத்தும், அப்புறம் டெர்ம் கொடுத்தால் 25 வினாடி பார்த்துவிட்டு, முடியாதவற்றை ரெடிஸுக்கே திருப்பித் தள்ளும்.

கேள்வி: ஷட்டவுன் நேரத்தில் லாகை எஸ்3-க்கு (அமேசானின் ஃபைல் சேமிப்பு) ஏற்றும் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். ஓடும்போது நெட்வொர்க்கே இல்லை என்கிறது.

பதில்: சிஸ்டம்டி எந்த வரிசையில் கிளப்பியதோ அதற்கு நேர் எதிர் வரிசையில் நிறுத்தும். உங்கள் யூனிட்டில் (சர்வீஸ் ஃபைலில்) ‘ஆஃப்டர்’ என்று நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டைக் குறித்தால், கிளம்பும்போது நெட்வொர்க்குக்குப் பிறகு, நிற்கும்போது நெட்வொர்க்குக்கு முன்பு. அதே ஃபைலில் டைப் ஒன்ஷாட், ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட் யெஸ், எக்ஸெக்ஸ்டாப்பில் உங்கள் ஸ்கிரிப்ட் என்று எழுதுங்கள். பூட் ஆகும்போது யூனிட் கிளம்பியிருந்தால்தான் நிறுத்தும்போது எக்ஸெக்ஸ்டாப் ஓடும். எனேபிள் செய்ய மறக்காதீர்கள். ஆனாலும் முக்கியமான லாகை அணையும் நேரம் வரை ஏன் வைத்திருக்கிறீர்கள்? ஓடும்போதே அனுப்பிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: டிமக்ஸுக்குள் (இணைப்பு போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினல்) ஓட்டிவிட்டுப் போனால் போதாதா?

பதில்: பழகுவதற்குச் சரி. தினசரி வேலைக்கு வேண்டாம். சிஸ்டம்டி-ரன் போட்டு ஓட்டினால் அதே ஒரு வரியில் தனி யூனிட், தனிக் கெடு, லாக் எல்லாம் கிடைக்கும்.

கேள்வி: மெஷின் திடீரென்று நின்று மறுபடி வந்தால், ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று சொல்லி என் இரவு ஜாப் ஓட மறுக்கிறது. பூட்டு ஃபைலை (‘ஓடுகிறேன்’ என்று குறித்துவைக்கும் லாக் ஃபைல்) கையால் அழிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு எஃப்லாக் என்ற பூட்டைப் பயன்படுத்துங்கள். அந்தப் பூட்டைக் கர்னல் வைத்திருக்கிறது. புராசஸ் எப்படிச் செத்தாலும் பூட்டு தானாகத் திறந்துவிடும். வெளியீட்டு ஃபைலையும் நேராக எழுதாதீர்கள். அதே டைரக்டரியில் தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து (டிஸ்க்கில் உண்மையிலேயே எழுதவைத்து), ரீநேம் செய்யுங்கள். பாதி எழுதிய ஃபைல் சரியான பெயரில் ஒருபோதும் இருக்காது.

கேள்வி: அஷூர் விஎம்முக்குள் நுழைந்து ஒழுங்காக ஷட்டவுன் கொடுத்தேன். பிறகும் பில் ஏறுகிறதே?

பதில்: உள்ளிருந்து அணைத்தால் ‘ஸ்டாப்டு’ ஆகும், ‘டீஅலோகேட்டட்’ ஆகாது, அதாவது ஹார்டுவேர் இன்னும் உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். போர்ட்டலிலிருந்து நிறுத்துங்கள். டிஸ்க்குக்கான காசு அப்போதும் போகும்.

கேள்வி: இதெல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: கியூ நிரம்பி வழியும் நேரத்தில் சோதியுங்கள். சும்மா இருக்கும் மெஷினை அணைத்துப் பார்த்து எதுவும் தெரியாது. முதலில் சர்வீஸை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அடுத்து விஎம்மை ரீபூட் செய்துவிட்டு, லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் மைனஸ் பி மைனஸ் 1 போட்டு முந்தைய பூட்டின் கடைசி வரிகளைப் படியுங்கள். அதற்கு வார் லாக் ஜர்னல் டைரக்டரி இருக்க வேண்டும். ‘ஸ்டாப்-சிக்டெர்ம் டைம்டு அவுட், கில்லிங்’ என்று எந்த யூனிட் பெயரிலாவது இருந்தால் அங்கே வேலை மிச்சம் இருக்கிறது.

மூன்றாவதாக, ஸ்டேஜிங் (சோதனைக்கான) விஎம்மின் பிளக்கைப் பிடுங்குங்கள், அதாவது டெஸ்ட்ராய். மறுபடி கிளப்பி, கியூவில் போட்ட வேலைகளின் எண்ணிக்கையையும் முடிந்தவற்றின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். குறைந்தால் எங்கோ முன்கூட்டியே ‘பெற்றுக்கொண்டேன்’ சொல்கிறீர்கள். கூடினால் பில் மெயில் கேள்விக்கான பதிலை இன்னொரு தடவை பாருங்கள்.