நர்ஸ் அக்கா பதில்கள்: அப்பாவுக்கு உண்டு, அம்மாவுக்கு கிடையாதா?

கேள்வி: அக்கா, எங்க அப்பாவுக்கு 73, அம்மாவுக்கு 64. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மருத்துவ காப்பீட்டு பாலிசியா தனியார் கம்பெனில போட்டிருக்கேன். இந்த வருஷ ரெனியூவல் தொகைய பாத்ததும் தலை சுத்திடுச்சு. 70 தாண்டினவங்களுக்கு மத்திய அரசே 5 லட்சத்துக்கு மருத்துவ காப்பீடு தருதாமே, அத வாங்கிட்டு இத விட்டுடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டு விட்டுடாதீங்க தம்பி. நீங்க சொல்றது ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு. 2024 அக்டோபர் 29ல ஆரம்பிச்சது, 70 வயசு ஆயிட்டா வருமானமே பாக்க மாட்டாங்க, சுகர் பிரஷர் ஹார்ட்னு முன்னாடியே எது இருந்தாலும் காத்திருக்க வேண்டியதில்ல, தனியார் பாலிசி வெச்சிருக்கவங்களும் எடுக்கலாம். அதனால அப்பாவுக்கு கண்டிப்பா கேளுங்க, உங்க மாவட்டத்துல எங்க பதியுறாங்கன்னு 14555க்கு போன் போட்டா சொல்லுவாங்க. ஆனா அந்த கார்டுல அம்மாவுக்கு இடம் கிடையாது, அவங்களுக்கு இன்னும் 6 வருஷம் இருக்கு. இப்ப பாலிசிய விட்டுட்டு அப்புறம் புதுசா போட்டா, ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க சொல்ல வாய்ப்பிருக்கு, அந்த 3 வருஷத்துல தான் ஏதாவது வரும்.

கூட்டு பாலிசில பெரும்பாலும் மூத்தவரோட வயச வெச்சு தான் பிரீமியம் போடுவாங்க, அதனால அம்மாவ தனியா பிரிச்சு, ஏற்கனவே காத்திருந்த வருஷங்களோட கணக்கு விடாம தொடர்ற மாதிரி பண்ணினா எவ்வளவு வரும்னு எழுத்துல கேளுங்க. சீனியர் சிட்டிசனுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா கம்பெனி முதல்ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துகிட்ட கலந்து பேசணும்னு 2025 ஜனவரில உத்தரவு வந்திருக்கு, ஏத்தினது அதுக்கு மேலயான்னு போன வருஷ ரசீத பக்கத்துல வெச்சு பாருங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து இந்த மாதிரி தனிநபர், குடும்ப பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

கேள்வி: எங்க ஏரியா சீனியர் சிட்டிசன் சங்கத்துல 60 வயசுல இருந்தே எல்லாருக்கும் அரசு காப்பீடு வேணும்னு மனு கொடுக்கலாம்னு இருக்கோம். என்ன எழுதணும், யாருகிட்ட கொடுக்கணும்?
- வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, இந்த கேள்விக்கு தான் நான் ரொம்ப நாளா காத்திருந்தேன். கண்டிப்பா கொடுங்க. 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டமே 60 வயசானா மூத்த குடிமகன்னு சொல்லுது, அப்புறம் காப்பீட்டுக்கு மட்டும் ஏன் 70? 2025ல நாடாளுமன்றத்தோட சுகாதார நிலைக்குழுவே இத 60ஆ குறைக்கணும், 5 லட்சத்த 10 லட்சமாக்கணும்னு பரிந்துரை பண்ணிருக்கு. மனுவுல முதல் வரியா இத போடுங்க.

ரெண்டாவது நம்ம முதலமைச்சர் காப்பீட்டு திட்டம். நல்ல திட்டம், அதுல ஆபரேஷன் ஆகி நடந்து போனவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். ஆனா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும். மாசம் 10,000 ரூபா. 68 வயசுல அபார்ட்மெண்ட் வாசல்ல நைட் வாட்ச்மேனா உக்காந்திருக்கிறவருக்கு சம்பளம் 12,000ன்னா கணக்குப்படி அவரு வெளிய. வயசானவங்களுக்காவது இந்த வரம்ப எடுங்கன்னு தனியா ஒரு பாராவா எழுதுங்க.

மூணாவது தான் எனக்கு ரொம்ப முக்கியம். இந்த காப்பீடு எல்லாமே பெரும்பாலும் பெட்ல படுத்தா தான் காசு குடுக்கும். வயசானவங்க செலவு அப்படியா இருக்கு? மாசா மாசம் மாத்திரை, ரத்த டெஸ்ட், கண்ணாடி, காது மெஷின், முழங்காலுக்கு பிசியோன்னு சொட்டு சொட்டா போகும். எங்க வார்டுக்கு ஒரு பாட்டி வந்தாங்க, பிரஷர் ஏறி ஒரு பக்கம் கை விழுந்துடுச்சு, மஞ்சப்பைய திறந்து பாத்தா மாத்திரை அட்டைல ஒவ்வொண்ணையும் பிளேடால பாதியா வெட்டி வெச்சிருந்தாங்க, ஏம்மான்னு கேட்டா ஒரு மாச மருந்த ரெண்டு மாசத்துக்கு இழுக்கலாம்னு தான்னாங்க. அந்த அட்மிஷனுக்கு காப்பீடு பணம் குடுத்துச்சு, அந்த மாத்திரைக்கு குடுக்கல. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர், சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க, பிசியோவும் உண்டு. அப்ப நம்மால முடியாத காரியம் இல்ல இது, மத்த வியாதி மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் காப்பீட்டுலயே ஒரு தொகை ஒதுக்குங்கன்னு கேளுங்க.

மனுவுல வெறும் "ஆவன செய்யுமாறு"ன்னு முடிச்சா ஒண்ணும் நகராது. உங்க தெருவுல 60 தாண்டினவங்க எத்தன பேரு, அதுல எத்தன பேருகிட்ட எந்த கார்டும் இல்ல, மாசம் மெடிக்கல் ஷாப்புக்கு எவ்வளவு போகுதுன்னு வீடு வீடா நீங்களே கேட்டு ஒரு பக்கத்துல போடுங்க, பேரு வேண்டாம், கணக்கு போதும். 70 வயசு விஷயம் மத்திய அரசு திட்டம், அதுக்கு எம்.பி.; வருமான வரம்புக்கு எம்.எல்.ஏ. கூடவே திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல ஒரு காப்பி குடுத்து மனு நம்பர மறக்காம வாங்கிடுங்க. ஊராட்சில இருக்கிற சொந்தக்காரங்க கிராம சபைல தீர்மானமாவே போட சொல்லலாம், வருஷத்துல 6 நாள் நடக்குது.

கேள்வி: அந்த 70 வயசு கார்டு எடுக்க போனா எங்க ஆச்சிக்கு கைரேகை மெஷின்ல விழவே மாட்டேங்குது, ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன பண்றது?
- வாசகி, தென்காசி

பதில்: காலம் பூரா பீடி சுத்தின கை, வயல்ல கிடந்த கைன்னா ரேகை தேஞ்சு தான் போயிருக்கும்மா, அது ஆச்சி தப்பில்ல. கருவிழி ஸ்கேன் இல்லன்னா முகம் வெச்சு பாக்க சொல்லி கேளுங்க, ஆதார்ல போன் நம்பர் இணைச்சிருந்தா ஓடிபி வெச்சே முடிச்சிடலாம். அப்படியே ஆதார்ல பிறந்த தேதியையும் ஒருதடவ பாத்துடுங்க, நிறைய பெரியவங்களுக்கு குத்துமதிப்பா ஜனவரி 1ன்னு போட்டு வயச குறைச்சு வெச்சிருக்காங்க, 72 வயசு ஆச்சி பேப்பர்ல 66ஆ இருந்தா கார்டு வராது. திருத்தணும்னா அதுக்கான சான்ற முதல்ல தயார் பண்ணிக்கிட்டு போங்க, ஆச்சிய மூணாவது தடவையும் வெயில்ல அலைய விடாதீங்க.