கமிஷன் சாஃப்ட்வேர் கேள்வி-பதில்: எந்த ரூலை மறைக்கலாம்?

சேல்ஸ் ஆட்களின் கமிஷனைக் கணக்கிடும் சாஃப்ட்வேரில், எதற்கு எவ்வளவு என்று நாம் எழுதி வைக்கும் விதிதான் ரூல். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாட்-இஃப் ரூல், ஹிட்டன் ரூல் பற்றியவை. நிதியாண்டு முடியும் நேரத்தில் இப்படித்தான். சிலர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்து எழுதியிருக்கிறார்கள். வாட்-இஃப் ரூல் ‘இப்படி இருந்தால் எவ்வளவு வரும்’ என்று கணக்குப் போடும், பணம் தராது. ஹிட்டன் ரூல் பணம் தரலாம், தராமலும் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் போகும் கமிஷன் ஸ்டேட்மென்டில் மட்டும் தெரியாது.

கோவை, பம்ப்செட் நிறுவனம்: டார்கெட் வரை 3%, அதைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் 5% தருகிறோம். டார்கெட்டைத் தொட்டாலே முழு விற்பனைக்கும் 5% தரலாமா என்கிறார் எம்.டி. இந்த வருட விற்பனையை வைத்தே பார்க்க முடியுமா?

முடியும். ஓடிக்கொண்டிருக்கும் ரூலை நகலெடுத்து, நகலை வாட்-இஃப் என்று குறித்து, சதவீதத்தை மாற்றி, தொடக்கத் தேதியை ஏப்ரல் 1க்குக் கொண்டுபோங்கள். மூல ரூலில் கைவைக்காதீர்கள். முதலில் ஒரே ஒருவருக்குக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். டார்கெட் 40 லட்சம், விற்றது 52 லட்சம் என்றால் இப்போது 1.8 லட்சம் கிடைக்கும், எம்.டி. சொல்லும் முறையில் 2.6 லட்சம்.

இதைவிட முக்கியமானது எல்லைக்கோட்டில் நிற்பவர் கதை. 39.9 லட்சம் விற்றவருக்குச் சுமார் 1.2 லட்சம், 40 லட்சத்தைத் தொட்டவருக்கு 2 லட்சம். பத்தாயிரம் ரூபாய் பில்லுக்காக 80 ஆயிரம் வித்தியாசம். மார்ச் 31 அன்று டீலர் குடோனில் சரக்கைத் தள்ளிவிட்டு ஏப்ரலில் திருப்பி எடுக்கும் கூத்து இங்கிருந்துதான் கிளம்புகிறது. வாட்-இஃப் அதைக் காட்டாது. பழைய பிளானில் உங்கள் ஆட்கள் எப்படி விற்றார்களோ அதுதான் அதற்குத் தெரியும். எம்.டி.யிடம் மொத்தச் செலவை மட்டும் நீட்டாதீர்கள், ஆள்வாரியாகக் காட்டுங்கள்.

பெருங்குடி, சாஸ் (சந்தா முறையில் சாஃப்ட்வேர் விற்கும்) நிறுவனம்: இன்னும் முடியாத டீல்களுக்கு வாட்-இஃப் ரூல் போட்டோம். இரண்டு பேருக்கு உண்மையான ஸ்லாபே (கமிஷன் சதவீதப் படி) ஏறிவிட்டது. ஏன்?

வாட்-இஃப் தொகையும் அட்டெய்ன்மென்டில், அதாவது டார்கெட்டில் எவ்வளவு எட்டினார் என்ற கணக்கில், சேர்கிறது. அதற்குத் தனி கிரெடிட் வகை வைத்து, டார்கெட் கணக்கிலிருந்து விலக்குங்கள். நேரடியாக லைவில் போட்டதால் வந்த வினை இது. லைவைத் தொடாமல் சோதித்துப் பார்க்க சாண்ட்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. சென்ற முறையும் சொன்னேன்.

மதுரையிலிருந்து: எங்கள் சாஃப்ட்வேர் தப்பாகக் கணக்குப் போடுகிறது. என்ன செய்வது?

எந்த ரூல், எந்த மாதம், யாருக்கு, வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு? ஐந்தில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் சொல்லலாம்: ரூலின் தொடக்கத் தேதியைப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

திருச்சி: டீமின் விற்பனைக்காக டீம் லீடருக்குப் போகும் கூடுதல் கமிஷனை (ஓவர்ரைட்) அவருக்குக் கீழே இருப்பவர்களின் ஸ்டேட்மென்டில் மறைக்கலாமா?

தாராளமாக. அது அவர்கள் பணமல்ல. ஆனால் திரையில் மறைத்ததை எக்செல் எக்ஸ்போர்ட்டும் மெயிலில் போகும் பிடிஎஃபும் காட்டிக்கொடுக்கும். டீல் வாரியான மொத்தம் தெரிந்தால் கழித்துப் பார்த்தும் கண்டுபிடித்துவிடுவார்கள். சேல்ஸ் ஆள் ஒருவரின் லாகினில் நுழைந்து, எல்லா இடத்திலும் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

பெயர் வேண்டாம், ஓசூர்: மாதம் 1.5 லட்சத்துக்கு மேல் யாருக்கு வந்தாலும் 1.5 லட்சமாகக் குறைக்கும் ஹிட்டன் ரூல் ஒன்று போடச் சொல்கிறது நிர்வாகம். ஸ்டேட்மென்டில் இறுதித் தொகை மட்டும் வர வேண்டுமாம். எந்த வரிசையில் அமைப்பது?

எந்த வரிசையிலும் அமைக்காதீர்கள். அமைக்கும் முறை எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

ஹிட்டன் ரூலுக்கு நியாயமான வேலைகள் உண்டு. டீமின் சராசரி, அட்டெய்ன்மென்ட் சதவீதம் போன்ற இடைக்கணக்குகள். அக்கவுண்ட்ஸுக்கு வேண்டிய ப்ரொவிஷன், அதாவது இனி தர வேண்டிய கமிஷனுக்காக முன்கூட்டியே எழுதி வைக்கும் தொகை. மேலே சொன்னதுபோல் இன்னொருவருக்குப் போகும் பணம். மூன்றிலும் ஸ்டேட்மென்டைப் பார்ப்பவரின் காசு ஒரு ரூபாய்கூடக் கூடாது, குறையாது. ஒருவர் கைக்கு வரும் தொகையை மாற்றும் ரூல் அவர் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். நீங்கள் கேட்பது எடைக்கல்லைக் குடைந்து வைக்கும் வேலை.

ஒளித்தாலும் நிற்காது. சேல்ஸில் இருப்பவர்கள் தங்கள் கமிஷனைத் தனி எக்செலில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் கணக்கில் 1.73 லட்சம், உங்கள் ஸ்டேட்மென்டில் சரியாக 1.5 லட்சம். அடுத்த மாதமும் அதே உருண்டை எண். பக்கத்து சீட்காரருக்கும் அதுவே. கண்டுபிடிக்க என்ன பெரிய புத்தி வேண்டும்? அதன்பிறகு 1.5 லட்சத்தைத் தொட்டதும் மீதி டீலை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள். நல்ல ஆட்கள் போட்டி நிறுவனத்துக்குப் போவார்கள். சண்டை வந்தால், யார் எதை மாற்றினார் என்று பதியும் ஆடிட் லாகில் ரூலை எழுதியவர் என்று இருப்பது உங்கள் பெயர், நிர்வாகத்தின் பெயரல்ல.

வெளிநாட்டு டீமுக்கு இங்கிருந்து கணக்குப் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2013 முதல் கமிஷன் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; கணக்கிடும் முறை அதில் இருக்க வேண்டும்; கையெழுத்திட்ட பிரதி ஊழியருக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் வணிகச் சட்டப்படி கமிஷன் ஏஜென்ட் கணக்குப் புத்தகத்தின் பகுதியையே கேட்டு வாங்கலாம்.

உச்சவரம்பு வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பிடிக்காது, அது வேறு. வைப்பதென்றால் பிளான் ஆவணத்தில் எழுதுங்கள், மாதம் தொடங்குமுன் கொடுங்கள், ஸ்டேட்மென்டில் ‘உச்சவரம்பு: கழிவு 23,000’ என்று ஒரு வரி வரட்டும். எதிர்பாராத ஒரே பெரிய டீலுக்குத்தான் நிர்வாகம் பயப்படுகிறது என்றால், அத்தகைய டீலுக்குத் தனிச் சதவீதம் என்று முன்கூட்டியே அறிவித்தால் போதும். இரண்டுக்கும் ஹிட்டன் ரூல் தேவையில்லை. நிர்வாகத்தின் உத்தரவை மெயிலில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே பல யோசனைகள் தாமாக மறைந்துவிடும்.

சென்னை, அக்கவுண்ட்ஸ் பிரிவு: ஏஜென்ட் கமிஷனில் டிடிஎஸ் பிடிக்க ஹிட்டன் ரூல் போடலாமா?

வேண்டாம். கமிஷன் சாஃப்ட்வேர் மொத்தத் தொகையோடு நிற்கட்டும். பிடித்தம் டேலியிலோ பேரோலிலோ நடக்கட்டும். ஏஜென்ட் கமிஷனுக்கு 5% இருந்தது 2024 அக்டோபரில் 2% ஆனது. ஊழியருக்கோ அதே கமிஷன் சம்பளக் கணக்கில் போகும். இதையெல்லாம் ரூலில் எழுதினால் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் உட்கார்ந்து திருத்த வேண்டியதுதான்.

அதே வாசகர்: இந்த் ஏஎஸ் 115 (வாடிக்கையாளர் ஒப்பந்த வருவாய்க்கான கணக்கியல் தரநிலை) சொல்வதற்காகக் கமிஷன் செலவைப் பல வருடங்களுக்குப் பிரிக்க ஹிட்டன் ரூல் உதவுமா?

ஒப்பந்தம் கிடைத்ததால் மட்டுமே எழுந்த கமிஷன் எது என்று குறி போட்டுத் தர உதவும். பிரிக்கும் வேலையை அக்கவுண்ட்ஸில் செய்யுங்கள். பிரித்து எழுதும் காலம் ஒரு வருடமோ அதற்குக் குறைவோ என்றால் உடனே செலவெழுத அந்தத் தரநிலையே இடம் தருகிறது.

சேலம்: வாட்-இஃப் தொகையை சேல்ஸ் ஆட்களுக்குக் காட்டினால் உற்சாகம் வருமே?

வரும். அதை நம்பி பைக் இஎம்ஐயும் போடுவார்கள். காட்டுவதென்றால் தனிப் பத்தியில், ‘மதிப்பீடு’ என்ற தலைப்போடு, எந்தத் தேதி நிலவரம் என்றும் போட்டுக் காட்டுங்கள். உண்மையான மொத்தத்தோடு ஒருபோதும் கூட்டாதீர்கள்.

ஈரோடு: வேலை முடிந்த வாட்-இஃப் ரூல்கள் ஐம்பதுக்கு மேல் கிடக்கின்றன. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள், முடிவுத் தேதி போடுங்கள். வேறு ரூல் எதுவும் அதன் விடையை எடுத்துப் பயன்படுத்துகிறதா என்று முதலில் பாருங்கள். பயன்படுத்தினால் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு சாண்ட்பாக்ஸில் ஒரு மாதக் கணக்கை ஓட்டுங்கள். கணக்கு முடித்துப் பூட்டிய மாதங்களை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். இனிமேலாவது ரூலின் பெயரிலேயே யார் கேட்டது, எதற்கு என்று எழுதி வையுங்கள். ‘டெஸ்ட் 2 புதுசு ஃபைனல்’ என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறீர்கள்.