எழாத ஹெட்லைட்: மோட்டார் வாங்கும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு, பானெட்டுக்குள் மடங்கிக்கொள்ளும் ஹெட்லைட்டைப் பற்றியவை. முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்ற மூன்றுக்கும் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கேள்வி: அண்ணா, நான் லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். பல வருட ஆசையில் 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நன்றாக ஓடுகிறது. ஆனால் பட்டனை அமுக்கினால் வலப்பக்க ஹெட்லைட் மட்டும்தான் எழுகிறது, இடப்பக்கம் அசைவதில்லை. விற்பவர் டீலர் இல்லை, தனிநபர். "மோட்டார்தான் போயிருக்கிறது, 100 பவுண்ட் குறைத்துத் தருகிறேன், நீங்களே வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்த ஒரு குறைக்காக அந்தக் காரை விட வேண்டியதில்லை தம்பி. ஆனால் மோட்டார்தான் போயிருக்கிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று முதலில் கேளுங்கள். கழற்றிப் பார்த்தாரா, மீட்டர் வைத்துப் பார்த்தாரா, அல்லது விளக்கு எழவில்லை என்பதால் அப்படிச் சொல்கிறாரா? பெரும்பாலும் கடைசியில் சொன்னதுதான் நடக்கிறது. அப்படியானால் அவர் சொல்லும் விலைக் குறைப்பு வெறும் ஊகம்.

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி மோட்டார். ப்யூஸ், ரிலே (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்), டேஷ்போர்டில் உள்ள பட்டன் ஆகியவை இரண்டுக்கும் பொது. இரண்டு விளக்கும் எழவில்லை என்றால் பொதுவானவற்றைத் தேட வேண்டும். ஒன்று எழுந்து மற்றொன்று படுத்துக்கிடந்தால் பொதுப் பாகங்கள் ஏறக்குறைய நிரபராதிகள். குற்றவாளி அந்தப் பக்கத்து மோட்டார், அதற்குப் போகும் ஒயர், அல்லது மோட்டாரையும் விளக்கையும் இணைக்கும் கம்பி. (போர்ஷே 944 போன்ற கார்களில் ஒரே மோட்டார் இரண்டு விளக்கையும் தூக்கும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.)

இனி அந்த மூன்றில் எது என்று பார்க்க வேண்டும். நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பட்டனை அமுக்கட்டும், நீங்கள் இடப்பக்க விளக்கருகே காதை வைத்து நில்லுங்கள். விரலை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள். திடீரென்று உயிர் வந்தால் விளக்கின் மூடி விரலை நசுக்கிவிடும்.

மோட்டார் சுழலும் சத்தம் கேட்டும் விளக்கு அசையாவிட்டால், மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். இணைப்புக் கம்பியின் முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ் (சிறு வளையம்) உடைந்து கம்பி கழன்றிருக்கலாம், அல்லது உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். புஷ் என்றால் செலவு மிகச் சிறிது. முனகுகிற மாதிரிச் சத்தம் வந்து விளக்கு கொஞ்சம் துடித்து நின்றால், எங்கோ இறுகியிருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை என்றால்தான் மின்சாரப் பக்கம் போக வேண்டும்.

அதற்கு முன் கையால் ஒரு சோதனை. பானெட்டைத் திறந்து, என்ஜின் பக்கத்து ப்யூஸ் பெட்டியில் ரிட்ராக்டர் என்று எழுதியிருக்கும் ப்யூஸைப் பிடுங்குங்கள். மோட்டாரின் தலையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்தால் கீழே ஒரு திருகு குமிழ். அதைத் திருகத் திருக விளக்கு மெல்ல எழும். சளைக்காமல் திருகுங்கள், பல சுற்று ஆகும். சீராக எழுந்து சீராக இறங்கினால் இரும்புப் பாகங்கள் நலம். ஓரிடத்தில் கல் மாதிரி இறுகினால் கீல்கள் துருப்பிடித்திருக்கின்றன. அப்படி இறுகிய கீலோடு புது மோட்டாரைப் போட்டால் அதுவும் சீக்கிரமே சாகும்.

குமிழ் லேசாகச் சுழல்கிறது, பட்டனுக்கு மட்டும் பதில் இல்லை என்றால், ப்யூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, நண்பர் பட்டனை அமுக்கும்போது ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மோட்டாரை மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் எழுந்தால் உள்ளே பிரஷ் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கிறது, அல்லது பழைய கிரீஸ் கட்டிப்போயிருக்கிறது. தட்டியும் எழாவிட்டால் மல்டிமீட்டர். மோட்டாருக்குப் போகும் கனெக்டரில், பட்டன் அமுக்கிய நேரத்தில் ஏறக்குறைய 12 வோல்ட் வருகிறதா? வந்து, எர்த்தும் (கரண்ட் காரின் உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு) சரியாக இருந்து, மோட்டார் அசையவில்லை என்றால் விற்பவர் சொன்னது சரி. வரவில்லை என்றால் புது மோட்டார் வாங்குவது தண்டச்செலவு.

எர்த் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு ஒரு பழைய காரில் இதே மாதிரிப் படுத்துக்கிடந்த விளக்குக்கு நான் மோட்டார் தேடி அலைந்து, கடைசியில் பார்த்தால் எர்த் ஒயரின் கனெக்டர் முனை முழுவதும் பச்சைக் களிம்பு. சுரண்டித் துடைத்துப் போட்டதும் விளக்கு எழுந்தது. 30 வருடத்துக்கு மேல் இங்கிலாந்து மழையையும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பையும் தின்ற ஒயர்தான் நீங்கள் பார்த்த காரிலும். முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பேட்டரியையும் பாருங்கள். இந்தக் காரில் பேட்டரி முன்னால் இல்லை, பின்பக்க டிக்கியில் வலது மூலையில் இருக்கும். என்ஜின் அணைந்து கொஞ்ச நேரம் ஆன பிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பலவீனமான பேட்டரியில் இரண்டு விளக்கும் சோம்பலாக எழும். என்ஜின் ஓடும்போது மட்டும் சுறுசுறுப்பாக எழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். டிக்கிக்குள் இருப்பதால் பேட்டரி வாயுவை வெளியேற்ற ஒரு சிறு குழாய் உண்டு. யாராவது மலிவுக்காகக் குழாய் இல்லாத பேட்டரியை வைத்திருந்தால் அதை மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள். இது ஆபத்தான விஷயம், விட்டுக்கொடுக்காதீர்கள்.

விலைக்கு வருவோம். விற்பவர் தனிநபர் என்பதால் பிரிட்டிஷ் சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு குறைவு. அவர் சொன்ன விவரத்துக்குக் கார் ஒத்திருக்க வேண்டும், முக்கியமானது அதுதான். அதனால் "இடது ஹெட்லைட் மோட்டார் தவிர வேறு மின்கோளாறு இல்லை" என்று அவர் நம்பிச் சொல்கிறார் என்றால், அதையே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அவருக்கே நிச்சயமில்லை என்று புரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். பயன்படுத்திய மோட்டார் ஒன்றின் விலையும், மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியும் உங்கள் ஊரில் எவ்வளவு என்று முதல் நாளே விசாரித்து, அந்தத் தொகையைக் கேளுங்கள். மோட்டார் வாங்கும்போது இடமா வலமா என்று சொல்லி, பழையதன் மேல் இருக்கும் பாக எண்ணையும் காட்டி வாங்குங்கள்.

காருக்கு எம்.ஓ.டி. (பிரிட்டனில் வருடந்தோறும் நடக்கும் கார் தகுதிச் சோதனை) இருக்கிறது என்பதோடு நிற்காமல், அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு முந்தைய சோதனைகளின் குறிப்புகளைப் படியுங்கள், இலவசம்தான். ஹெட்லைட் கோணம் பற்றி வருடா வருடம் குறிப்பு இருந்தால் கோளாறு புதிதல்ல. அதே இணையப் பக்கத்தில், பின்சக்கரத்துக்கு முன்னால் கதவடிப் பகுதியில் துரு என்று வந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். மெய்யாகவே சொல்கிறேன், இந்தக் காரில் உங்கள் பணத்தை விழுங்கப்போவது ஹெட்லைட் அல்ல, அந்தத் துருதான். அங்கே பெயிண்ட் குமிழ் விட்டிருந்தால் விளக்கு எவ்வளவு அழகாக எழுந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வாங்கிவிட்டால் வீட்டுக்கு ஓட்டிவரும் வழியும் சொல்லிவிடுகிறேன். ரிட்ராக்டர் ப்யூஸைப் பிடுங்கி, இரண்டு விளக்கையும் குமிழால் முழுதாக உயர்த்தி அப்படியே விட்டுவிடுங்கள். விளக்கு எரிவதற்கு வேறு ப்யூஸ் என்பதால் வெளிச்சம் வழக்கம்போல வரும்.

கேள்வி: என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் ரோட்ஸ்டர். மழை நாளில் ஒரு ஹெட்லைட் நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. பார்த்த கராஜில் இரண்டு மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நியாயமா?

பதில்: யூனோஸ் என்பது ஜப்பானில் அதே எம்எக்ஸ்-5 விற்ற பெயர். ஆகவே மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். ஆடாத மோட்டாரை மாற்ற ஒரு காரணமும் இல்லை.

இந்த மோட்டார் முன்னும் பின்னுமாகச் சுழல்வதில்லை. ஒரே திசையில்தான் சுழலும். அதிலிருந்து வெளியே வரும் அச்சின் அரைச் சுற்றில் விளக்கு எழும், அடுத்த அரைச் சுற்றில் இறங்கும். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது மோட்டாருக்குள் இருக்கும் ஒரு செப்புத் தகடும் அதன் மேல் உரசும் முனைகளும். தகட்டில் அழுக்கோ ஈரமோ பழைய கிரீஸோ படிந்தால், நிற்க வேண்டிய இடம் மோட்டாருக்குத் தெரியாமல் போகிறது. கிணற்று ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். மழையில் மட்டும் இது நடக்கிறது என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. குமிழின் மேலுள்ள ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா, இல்லவே இல்லையா என்று முதலில் பாருங்கள். அதிகம் தொலைந்துபோவது அதுதான், யாரும் கவனிப்பதும் இல்லை.

மோட்டாரைத் திறந்து, தகட்டைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, பல்சக்கரத்துக்குப் புதுக் கிரீஸ் போட்டு, மூடியைச் சரியாக அடைத்தால் பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும். கராஜில் இந்த ஒன்றை மட்டும் திறந்து சுத்தம் செய்ய எவ்வளவு என்று கேளுங்கள். மறுத்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போங்கள், இது அவருடைய வேலை. அதுவரை ஆட ஆரம்பித்தால் உடனே ப்யூஸைப் பிடுங்குங்கள். ஆடவிட்டால் நல்ல பல்சக்கரமும் தேய்ந்துபோகும்.

ஜப்பானும் பிரிட்டனும் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள் என்பதால் உங்கள் காரின் விளக்கொளி சரியான பக்கம்தான் சாயும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மியாட்டா (அங்கே எம்எக்ஸ்-5க்கு அந்தப் பெயர்) என்றால் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், எம்.ஓ.டி.யில் தேறாது.

கேள்வி: டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். 2001 கொர்வெட் சி5. ஹெட்லைட் மோட்டார் கர்ரென்று சுற்றுகிறது, விளக்கு எழவில்லை. முழு மோட்டார் விலை கேட்டு மலைத்துவிட்டேன்.

பதில்: முழு மோட்டார் வேண்டாம். 1997 முதல் 2004 வரை வந்த சி5இல் இது பேர்போன கோளாறு. உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரத்தின் பற்கள் மழுங்கிவிடும். மோட்டார் சுற்றும், சக்கரம் வழுக்கும். அந்தச் சக்கரத்துக்குப் பதிலாகப் பித்தளைச் சக்கரம் தனியாகவே விற்கிறார்கள். மோட்டாரைக் கழற்றி, பிரித்து, சக்கரத்தை மட்டும் மாற்றலாம். பொறுமை உள்ளவருக்கு ஒரு பிற்பகல் வேலை. ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கச் சக்கரமும் அதே வயதுதான். இங்கே மட்டும் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வேன், ஏனென்றால் பாகம் மலிவு, கழற்றும் உழைப்புதான் அதிகம்.

இன்னொன்று, உங்கள் ஊர்க் குளிருக்காக. காலையில் விளக்கு மூடியின் விளிம்பில் பனி உறைந்திருந்தால் பட்டனைத் தொடாதீர்கள். பனி நீக்கும் திரவத்தைத் தெளித்து, விளிம்பு விடுபட்டதைக் கையால் உறுதி செய்த பிறகே எழுப்புங்கள். கொதிநீர் ஊற்ற வேண்டாம், பெயிண்டும் கண்ணாடியும் தாங்காது.

கேள்வி: லெஸ்டரில் ஒரு டீலரிடம் மடங்கும் ஹெட்லைட் உள்ள பழைய கார் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு விளக்கும் எழ மறுக்கின்றன. "பழைய கார் என்றால் அப்படித்தான்" என்கிறார் டீலர். என்ன செய்வது?

பதில்: உங்கள் நிலைமை ஹாரோ தம்பியுடையதைவிட மிக நல்லது. டீலரிடம் வாங்கியதால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. கோளாறுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை உண்டு. மூன்று வாரம் போய்விட்டது, மீதி நாட்கள் கொஞ்சம்தான். அதனால் இன்றே மின்னஞ்சலில், தேதியோடு, கோளாறு என்ன என்று எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

காரின் வயதும் விலையும் கணக்கில் எடுக்கப்படும் என்பது உண்மை. பழைய இருக்கையில் கீறல் என்றால் அவர் சொல்வது எடுபடும். இரவில் ஓட்டவே முடியாத கார் அப்படியல்ல. ஆனால் வாங்கும் முன்னரே இந்தக் குறையை அவர் உங்களுக்குக் காட்டியிருந்தால் இப்போது அதைக் கோர முடியாது. விற்பனைத் தாளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். 30 நாள் தாண்டினாலும், ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது டீலர் பொறுப்பு. அப்போது பழுது பார்க்க அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அதுவும் பலிக்காவிட்டால் காரைத் திருப்பலாம்.

இரண்டும் ஒரே நேரத்தில் நின்றதால், ஒரு ப்யூஸோ ரிலேயோ காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காரில் மனம் ஒட்டியிருந்தால், திருப்பும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அதே மின்னஞ்சலில் எழுதிவிட்டு, அவர் செலவிலேயே சரிசெய்யக் கேளுங்கள். ப்யூஸ் போட்டதும் திரும்ப எரிந்தால், பெரிய ப்யூஸ் போட யாரையும் விடாதீர்கள். எங்கோ ஒயர் உரசுகிறது, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. பெரிய ப்யூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.