தாந்தே தனக்குத்தானே முரண்படுகிறாரா?

வணக்கம். இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காதலைப் பற்றிக் கவிதையும் உரைநடையுமாக எழுதிய 'வீட்டா நுவோவா'வில் (புது வாழ்வு) காதல் ஆள் உருவில் வந்து பேசுகிறது. 25ஆம் அத்தியாயத்திலோ அது தானாக இருக்கும் தனிப்பொருளே அல்ல, மனிதருக்குள் நிகழும் ஒரு நிலை மட்டுமே என்கிறார் அவர், இது முரண் அல்லவா என்று கேட்டிருந்தீர்கள். முரண் இல்லை. அதே அத்தியாயத்தைத் தொடர்ந்து படியுங்கள். வர்ஜில், லூக்கன், ஹொராஸ், ஓவிட் ஆகியோரைச் சாட்சிக்கு அழைக்கிறார்: உயிரற்றவற்றைப் பேசவைக்கும் உரிமை லத்தீன் கவிஞர்களுக்கு உண்டென்றால், தாய்மொழியில் பாடுபவனுக்கும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அவர் விதிக்கும் நிபந்தனைதான். அணி என்னும் ஆடையை விலக்கி உள்ளே இருக்கும் பொருளைக் காட்டத் தெரியாத கவிஞன் வெட்கப்பட வேண்டும் என்கிறார், எவ்வளவு கண்டிப்பு!

இப்படி அணிகளைக் கையாளும் சொற்கலைப் பயிற்சியின் பின்னணிக்கு, தாந்தேவுக்கு மூத்த தலைமுறை பிளாரன்ஸ் அறிஞரான புருனெட்டோ லத்தீனியைப் படியுங்கள். பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் சொற்கலை நூலில் ஒரு பகுதியை 1260 வாக்கில் உரையோடு இத்தாலிய மொழியில் தந்தவர். தாந்தேயின் 'தெய்வீக நகைச்சுவை' காவியத்தின் முதல் பாகமான 'நரகம்' 15ஆம் காண்டத்தில் தாந்தே அவர் அருகே மரியாதையோடு தலைதாழ்த்தி நடக்கிறார்.