நாடகங்களில் சோகமும் தோழமையும்: கேள்வி பதில்

கேள்வி: துயரத்தில் இருப்பவனை நண்பன் தேற்றும் காட்சிகள் பலவும் உபதேசமாகவே இருக்கின்றன. உங்களை உலுக்கிய காட்சி உண்டா?

உண்டு. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'ஹெராக்ளிஸ்'. பித்துப் பிடித்த வேளையில் மனைவி மக்களைக் கொன்றுவிட்ட ஹெராக்ளிஸ், தெளிந்தபின் தலையை மூடிக்கொண்டு சடலங்களின் நடுவே உட்கார்ந்திருக்கிறான். சாகத் துணிந்துவிட்டான். கொலைத் தீட்டு அருகில் வருபவரையும் பற்றும் என்பது அக்கால நம்பிக்கை. ஆகவே நண்பனும் ஏதென்ஸ் அரசனுமான தீசியஸை விலகிப் போகச் சொல்கிறான். தீசியஸ் போகவில்லை. முக்காட்டை விலக்கச் செய்கிறான். "என் கையிலுள்ள இரத்தம் உன் ஆடையில் படும்" என்று ஹெராக்ளிஸ் சொன்னால், "படட்டும், துடைத்துக்கொள்" என்கிறான். தெய்வங்களும் தவறு செய்தவர்களே என்று அவன் வாதமும் செய்கிறான். அந்த வாதத்தை ஹெராக்ளிஸ் மறுத்துவிடுகிறான். ஆனால் நீட்டிய கையை மறுக்க முடியவில்லை. உயிர் வாழச் சம்மதித்து, அவனுடன் ஏதென்ஸுக்குப் புறப்படுகிறான். எத்தனை முறை படித்தாலும் அந்த 'துடைத்துக்கொள்' என்னை விடுவதில்லை.

கேள்வி: காளிதாசனின் 'சாகுந்தல'த்தில் அரசனின் கோமாளித் தோழனான விதூஷகன் வெறும் சிரிப்புக்குத்தானே?

ஆறாம் அங்கத்தைப் படித்துப் பாருங்கள். துஷ்யந்தன் வசந்த விழாவையே நிறுத்திவிட்டு, தான் மறந்து விலக்கிய சகுந்தலையின் ஓவியத்தின் முன் புலம்புகிறான். விதூஷகன் மாதவ்யன் என்ன பேசியும் பயனில்லை. அப்போது இந்திரனின் தேரோட்டி மாதலி, உருவை மறைத்துக்கொண்டு மாதவ்யனைப் பிடித்து வதைக்கிறான். நண்பனின் அலறல் கேட்டதும் அரசன் வில்லை எடுக்கிறான்! சோர்ந்திருந்தவனுக்குச் சினம் மூட்டவே அப்படிச் செய்தேன் என்று மாதலி பிறகு சொல்கிறான். நண்பனின் பேச்சால் ஆகாதது, நண்பனுக்கு வந்த ஆபத்தால் ஆகிறது. காளிதாசன் மனித மனத்தை எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கிறான்!

கேள்வி: காதலால் துக்கம் தீரும் நாடகம்?

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு'. இறந்த சகோதரனுக்காக ஏழு ஆண்டுகள் முகத்திரையோடு வாழ்வதாகச் சபதம் எடுத்த ஒலிவியா, ஆண் வேடத்தில் தூது வந்த வயோலா கேட்டதும் திரையை விலக்கிவிடுகிறாள்; அந்த வேடத்தின் மீதே காதலும் கொள்கிறாள். வயோலாவும் தன் இரட்டைச் சகோதரன் கடலில் மாண்டிருப்பானோ என்று அஞ்சியிருப்பவள். அதனால்தான் அந்தக் காட்சி வெறும் வேடிக்கையாக நின்றுவிடுவதில்லை.

கேள்வி: நட்பாலும் காதலாலும் தீராத சோகம்?

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' ஆன்டோனியோ. தன் சோகத்துக்குக் காரணம் தெரியவில்லை என்பதே அவனுடைய முதல் பேச்சு. கப்பல்களைப் பற்றிய கவலையா என்று நண்பர்கள் கேட்க, இல்லை என்கிறான். கடைசிக் காட்சியில் மூன்று தம்பதிகளுக்கு நடுவே அவன் மட்டும் தனி; அவனுக்குக் கிடைப்பதோ கப்பல்கள் கரைசேர்ந்த செய்தி. அங்கே அவனை நிம்மதியாகச் சிரிக்க வைக்கும் இயக்குநர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.